தங்கள் கேரம் போர்டு ஏறக்குறைய நலம்

இராயபுரம்,
3 மார்ச் 2026

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் தேவப்பிரியம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஹில்டாவின் கணவனும், துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டி ஓய்ந்தவனுமாகிய இக்னேஷியஸ் பணிவோடு எழுதும் கடிதம். மாதாவின் கருணையால் இங்கு நான் நலம். ஹில்டா நலம். தாங்கள் மணலி புதுநகருக்குக் குடிபோகும்போது எங்களிடம் ஒப்படைத்த கேரம் போர்டும் ஏறக்குறைய நலம். தங்கள் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஒன்றையொன்று தூண்டிவிடாமல் இருக்க தினமும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நான் பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசிய பிறகு, "சரி, யாரு பேசறது?" என்று கேட்கிறீர்கள். அதோடு இது போனில் அடங்குகிற சங்கதியும் இல்லை. மச்சான், இதை நான் எழுதுவதே சந்தோஷத்தில்தான். கொஞ்சம் பயத்திலும்தான், அது எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை, எங்கள் கல்யாண நாளன்று, தங்கள் தங்கை என் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடும் அதே நேரத்தில், தானும் சாப்பிட்டாள்!

இதற்கா கடிதம் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். முப்பத்தாறு வருடத்தில் இது முதல் தடவை. நான் எந்த ஷிப்டு முடித்து வந்தாலும் எனக்குச் சூடாகப் போடுவாள், "நீங்க சாப்டுங்க, நான் அப்பறம்" என்பாள், அந்த அப்புறம் எப்போது வருகிறதென்று நான் பார்த்ததே இல்லை. ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். அடுப்பு மேடையில் சாய்ந்து, தட்டைக் கையில் ஏந்தி, நின்றுகொண்டே விழுங்கிக்கொண்டிருந்தாள், அதுவும் மறுகையால் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே. வேலையில் இருந்தவரை எனக்கு அது உறைக்கவில்லை. ஓய்வுபெற்று வீட்டிலேயே கிடப்பவனுக்கு எல்லாம் உறைக்கிறது. உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒருநாள் நானும் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பார்த்தேன். "உங்களுக்கு மூலமா?" என்று கேட்டாள்.

அந்த நிலையில்தான் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் டெபோரா ஒரு வீடியோ அனுப்பினாள். அங்கே மரப்பலகை ஒன்றில் உப்புப் போட்டுப் பதப்படுத்திய கறி, சீஸ், திராட்சை, பிஸ்கட் எல்லாம் அழகாக அடுக்கி நடுவில் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து கொறிக்கிறார்கள். ஷார்குட்டரி போர்டு என்று பேராம். நான் உடனே அவளைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேருக்குத்தான டாடி, ஈஸி. ரெண்டு வகை கறி, ரெண்டு வகை சீஸ், ஒரு பழம், ஒரு புளிப்பு, ஒரு இனிப்பு, மொறுமொறுன்னு எதுனா. அவ்ளோதான். அடுப்பே பத்த வெக்க வேணாம்" என்றாள். மச்சான், அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுப்பே இல்லாத சாப்பாடு! அடுப்பு இல்லையென்றால் ஹில்டா எதன் பக்கத்தில் போய் நிற்பாள்?

அன்றைக்கே பாரிஸ் கார்னர் வரைக்கும் போய் சீஸ் இரண்டு வகை, சிக்கன் சலாமி, சாசேஜ் எல்லாம் வாங்கிவிட்டேன். எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு தக்காளி இடம் மாறினாலும் தங்கள் தங்கைக்குத் தெரியும். ஆகவே கீழ்வீட்டு ரஹீமின் கூல்டிரிங்ஸ் கடை ஐஸ் பெட்டியில் பார்சலை ஒளித்து வைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் ரஹீம் என்னைக் கடைக்குள் இழுத்துக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினான். "இன்னா மாமு, நாளைக்கு உங்களுக்குத் தவக்கால வெள்ளியாச்சே. உள்ள ஃபுல்லா கறியா வெச்சிகீறியே? என் நோன்ப நான் பாத்துக்கறேன், உன் நோன்ப யாரு பாக்கறது?" என்றான்.

எங்கள் கல்யாணம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு விட்டால் ஈஸ்டர் கழிந்துதான் என்று சாமியார் சொல்லிவிட்டதால், பந்தல்காரன் காலில் விழாத குறையாக ஒரே வாரத்தில் நடத்தி வைத்தவரே தாங்கள்தானே. அதனால் எங்கள் கல்யாண நாள் பல வருடம் தவக்காலத்துக்குள் போய் விழுகிறது. இந்த வருடம் வெள்ளிக்கிழமையிலேயே விழுந்தது. ஒன்பது நாள் முன்புதான் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த மனிதன், கறி வாங்கி ஒரு முஸ்லிமின் கடையில் ஒளித்து வைத்து, நோன்பு பிடித்துக்கொண்டிருக்கும் அவன் வாயால் புத்தி கேட்டுக்கொண்டிருக்கிறான். ரஹீமே ஒரு வழியும் சொன்னான். "கறிதான ஆவாது? மீனு ஆவும்ல? உப்பு போட்டுக் காய வெச்சதுதான வேணும்? காசிமேட்ல இல்லாத சரக்கா?"

கருவாடு! எனக்கு அப்படியே அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. வெள்ளிக்கிழமை காலையிலேயே காசிமேட்டுக்கு ஓடி வஞ்சிரக் கருவாடு, நெத்திலிக் கருவாடு என்று இரண்டு வகை வாங்கினேன். வாங்கின பிறகுதான் உறைத்தது, கருவாட்டைப் பச்சையாகத் தின்ன முடியாது, அடுப்பு வேண்டும். நம் வீட்டில் கருவாடு வறுத்தால் கொருக்குப்பேட்டை வரைக்கும் தெரியும். சாயங்காலம் அங்கேயே மீன் வறுத்து விற்கும் பச்சையம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "வறுத்துக் குடுக்கறேன் நைனா. ஆனா புருசனும் பொண்டாட்டியும் ஒக்காந்து துன்றதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு? ஒக்காருடின்னா ஒக்கார மாட்டாளா?" மாட்டாள் என்று சொன்னேன். அவள் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தாள்.

இனிப் பலகை. இங்கேதான், மச்சான், தாங்கள் பெரிய மனது பண்ண வேண்டும். எங்கள் வீட்டில் வழவழப்பான, அகலமான, யாரும் பார்த்தால் அசந்துபோகிற மரப்பலகை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பீரோ மேல் துணி போர்த்திக் கிடக்கிறது. அதன் பின்பக்கம் சிவப்புப் பெயிண்டில் தங்கள் பெயரும், "1988 முதல் பரிசு" என்றும் எழுதியிருக்கிறது. எடுக்கும்போது தங்களை மனதில் நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். அதில் போரிக் பவுடர் படிந்திருந்தது. பவுடர்தானே என்று விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். மொட்டை மாடிக் குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி வெயிலில் நிறுத்தினேன். காய்ந்த பிறகு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டது. லேசாகத்தான்.

மேஜையில் அது உட்காரவில்லை, ஆகவே தரையில் நாலு செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றினேன். நாலு மூலைக் குழியிலும் வலையைக் கழற்றிவிட்டு நாலு சின்ன எவர்சில்வர் டம்ளர் சொருகினால், அளவெடுத்துச் செய்தது போல் இறங்கின! ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய், ஒன்றில் ரஹீம் கொடுத்த பேரீச்சம்பழம், ஒன்றில் வறுத்த முந்திரி, ஒன்றில் தேன். நடுவில் வாழை இலை விரித்து, கப்பலில் சரக்கு ஏற்றுகிற முறைப்படி கனமானது நடுவில், லேசானது ஓரத்தில் என்று கருவாடு, சீஸ், பன்னீர் திராட்சை, பேக்கரி உப்பு பிஸ்கட் எல்லாம் அடுக்கினேன். அடுக்கிவிட்டு நானே எழுந்து நின்று பார்த்து நானே கைதட்டிக்கொண்டேன்.

கோவிலில் சிலுவைப் பாதை முடிந்து ஏழு மணிக்கு ஹில்டா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாங்க இது, அண்ணன் போர்டு மேல கருவாடு கீது?" என்றாள். கல்யாண நாள் விருந்து, உட்கார் என்றேன். "இருங்க, சோறு வடிச்சிட்டு வரேன்." சோறு கிடையாது என்றேன். "ரசமாவது?" அதுவும் கிடையாது, இன்றைக்கு அடுப்புக்கு லீவு என்றேன். அவள் சமையல்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு முக்காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே விட்டாள், மச்சான்!

சீஸை ஒரு கடி கடித்து "சோப்புக்கட்டி மாதிரி கீது" என்றாள், ஆனாலும் கீழே வைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம். ரஹீமின் மனைவி சாபிரா நோன்புக் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். ஹில்டாவைத் தங்களுக்குத் தெரியும், கதவு தட்டினால் ஜுரத்திலும் எழுந்து ஓடுகிறவள். அன்றைக்கு அசையவில்லை. "நீங்க போய் வாங்குங்க" என்றாள்! கஞ்சித் தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாதே என்று பாதித் திராட்சையையும் ஒரு வஞ்சிரத் துண்டையும் போட்டு நானே கொடுத்தனுப்பினேன். இருவருக்கு அடுக்கியது நாலு பேருக்கு ஆனது, போகட்டும். பிறகு பால்காரர் கூப்பிட்டார், எழவில்லை. குக்கர் விசில் பக்கத்து வீட்டில் அடித்தது, அதற்கும் எழவில்லை. நாற்பது நிமிடம்!

கடைசியில் வஞ்சிரத்தின் வால் துண்டு ஒன்று மீந்தது. பழக்கத்தில் அதை என் பக்கம் தள்ளினாள். நீ எடு என்றேன். எடுத்துக்கொண்டு சொன்னாள்: "வால் பக்கம்னா எனக்கு உசுரு. உங்க தட்டுலயே வெச்சிட்டு வரேன், இத்தினி வருசமா." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றாள். மச்சான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வால் துண்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவள் ஆசையாக வைக்கிறாளே என்றுதான் நான் தின்றுகொண்டிருந்தேன்.

இனி பயத்துக்குக் காரணம். வாழை இலை கிழிந்திருக்கிறது. போர்டின் நடு வட்டத்தில், சிவப்புக் காய் வைக்கும் இடத்தில், கருவாட்டு எண்ணெய் இறங்கித் தட்டகலத்துக்குக் கறை பிடித்துவிட்டது. ஊறுகாய் ஒரு மூலையை வெளுக்க வைத்துவிட்டது. வாசனையைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது. தங்கள் வெற்றியின் சின்னத்தை நாசமாக்கிய பாவி நான். தாங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் அன்புக்குக் கட்டுப்பட்டு ஒரு பெண்மணி எழுந்திருக்காமல் நாற்பது நிமிடம் உட்கார்ந்தாள் என்பதையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

தங்கள் இல்லத்தரசியாருக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். அந்தோணியார் தங்கள் காதையும் கோபத்தையும் குணப்படுத்துவாராக.

தங்கள் அடியொற்றும் மைத்துனன்,
இக்னேஷியஸ்

பின்குறிப்பு: அண்ணா, இது ஹில்டா எழுதுவது. தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் படித்தேன். போர்டுக்காக அவரைத் திட்டாதீர்கள். உங்கள் போர்டு மூன்று வருடத்துக்கு முன்பே மழையில் மேல்தளம் ஒழுகி ஊறிப் பிளந்துவிட்டது. அவர் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தபோது வண்ணாரப்பேட்டையில் புதிது வாங்கி, உங்கள் பெயரையும் முதல் பரிசையும் நானே பெயிண்டில் எழுதி, பழையது போல் பவுடரும் தூவி பீரோ மேல் ஏற்றிவிட்டேன். இருவரிடமும் மறைத்ததற்கு மன்னியுங்கள்.

இன்னொன்று. அன்றைக்குச் சிலுவைப் பாதையில் பதினாலு ஸ்தலத்துக்கும் முட்டி போட்டுவிட்டு வந்திருந்தேன். தரையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. சாபிரா தட்டியபோது எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. சொன்னால் ஆட்டோ, டாக்டர் என்று ஆரம்பிப்பார், கருவாடு நமுத்துப்போகும். அதனால் பேசாமல் சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டால் இத்தனை ருசியா என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

வருகிற வெள்ளிக்கிழமையும் அடுக்கப்போகிறாராம். "உனக்கு நாற்காலி போடட்டா?" என்று காலையில் கேட்டார். வேண்டாம், தரையிலேயே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.