புள்ளியைச் சுழித்ததால் வந்த மலர்வளையம்

எங்கள் வீட்டு விழாக்களில் இந்நிகழ்ச்சி சொல்லப்படும்போதெல்லாம் புதிய பொய்யொன்று சேர்ந்துகொள்கிறது. சென்ற பொங்கலன்று, நான் பிணப்பெட்டிக்குள் படுத்திருந்ததாகவே என் மைத்துனர் சாதித்துவிட்டார். ஆகவே, உண்மையை எழுத்தில் வைப்பது கடமையாயிற்று.

நம் இலங்கைத் தேசியப் பூங்காக்களைக் காட்டும் அஞ்சல்தலைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் நான் குறிப்பு எழுதினேன். வில்பத்துச் சிறுத்தை, மின்னேரியா யானை என்று மகள் கயல்விழி மூன்றாண்டுகள் படம் வரைந்தாள். அவளுக்கு அது முதல் நூல். பாடசாலை நூலகங்களுக்கு அதை எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய, நுவரெலியாவிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வெளியீட்டு விழாவுக்கு வர இசைந்திருந்தார்.

“முத்திரைன்னே போடுங்கப்பா. எல்லாருக்கும் வெளங்கும்” என்றாள் கயல்விழி. எங்கள் பக்கம் அஞ்சல்தலைக்கு முத்திரை என்றுதான் பேச்சு.

“முத்திரை பரதத்திலும் உண்டு அம்மா. அஞ்சல்தலை என்பதே ஐயத்துக்கு இடமற்றது” என்றேன். (ஐயத்துக்கு இடமற்றதாம்! செருக்கைப் பாருங்கள்.)

‘அஞ்சல்தலைகளில் தேசியப் பூங்காக்கள்’ என்ற நூற்பெயரோடு சுவரொட்டி வாசகத்தை என் கையாலேயே எழுதி அட்டன் அச்சகத்துக்கு அனுப்பினேன். மெய்யெழுத்தின் புள்ளியைத் தனியே குத்தாமல், கொடிபோலச் சுழித்து எழுத்தோடு இணைப்பது என் வழக்கம். அதை அழகென்று வேறு எண்ணியிருந்தேன். அச்சகத்தாருக்கு ‘ல்’ தெரியவில்லை, ‘லி’ தெரிந்தது. நீண்ட சொல்லை இரண்டாக உடைத்தார்கள். மேலே பெரிதாக ‘அஞ்சலி’. நடுவே என் கறுப்பு வெள்ளைப் படம். அடியில் எறும்பளவில் ‘தலைகளில் தேசியப் பூங்காக்கள்’. பொருத்தமாக இருக்கட்டுமென்று கருங்கரையும் கட்டிவிட்டார்கள். என் எழுத்துக்குச் சரிபார்ப்பு எதற்கு என்று நான் மாதிரிப் படியைப் பார்க்க மறுத்திருந்தேன்.

ஞாயிறு காலை வட்டவளைக் கோயில் மண்டபத்துக்குப் போனால், வழியெங்கும் வெள்ளைக்கொடி. (எங்கள் பக்கம் இழவுக்குக் கட்டுவது அது என்பதை மறந்து, அலங்காரத்தில் என்ன எளிமை என்று மெச்சிக்கொண்டேன்.) வாசலில் தேயிலைத் தோட்ட லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதனர். தோட்டத் தலைவர் மாரிமுத்து மலர்வளையத்தோடு நின்றார். என்னைக் கண்டதும் அது அவர் கையிலிருந்து நழுவிற்று.

“வாத்தியாரய்யா! நீங்க போய்ட்டதா ஒட்டியிருக்காங்களே!”

“நான் எங்கும் போகவில்லை.”

“நாங்க ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்ங்க” என்றார் ஓர் அம்மையார், நான் உயிரோடிருப்பது முறையன்று என்ற குரலில்.

அந்நிலையில் நான் என்ன செய்தேன்? குனிந்து மலர்வளையத்தை எடுத்து, அதன் நாடாவில் ‘ஆள்ந்த அனுதாபம்’ என்றிருந்ததைப் பேனாவால் ‘ஆழ்ந்த’ என்று திருத்தினேன்.

“அப்பா! ஒங்க மலர்வளையத்துலயேவா?” கயல்விழி தலையிலடித்துக்கொண்டாள்.

அப்பொழுதுதான் கல்வி அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு, துயர முகத்தோடு உள்ளே நுழைந்தார். மலர்வளையமும் பேனாவுமாக நின்ற என்னைக் கண்டு திகைத்தார். கயல்விழி நூலை நீட்டினாள். சிறுத்தையின் படத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். (அந்த மண்டபத்தில் அது ஆபத்தான செயல்.)

“மகளோட படமெல்லாம் அருமைங்க. எடுத்துக்கிறோம். அட்டையில மட்டும் ‘முத்திரை’ன்னு மாத்திக் குடுத்துருங்க.”

மாற்றினேன். இன்றும் எனக்கு அழைப்பு வந்தால், “அஞ்சலித்தலைங்களா? இருக்காங்க, உயிரோடதான் இருக்காங்க” என்று சொல்லியே கயல்விழி கைப்பேசியை நீட்டுகிறாள்.

இக்கட்டுரையில் பிழை காண்போர் அருள்கூர்ந்து எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். புள்ளிகளைத் தனித்தனியே குத்துங்கள். மலர்வளையம் வேண்டா.