பனி ஹொக்கியும் எங்கள் வீட்டுச் சனிக்கிழமைப் பிரார்த்தனையும்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இன்றுவரை ஒரு ஹொக்கி ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தவனல்ல. அந்தக் கறுப்புத் தட்டு பனிக்கட்டியின்மேல் எங்கே ஓடுகிறது என்பதே என் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் ஒரு வசந்தகாலத்தில், பிரான்ஸ் நாட்டில் பனி ஹொக்கியின் கடைசிச் சுற்றுகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் தொகை திடீரென்று கூடியதற்கு நான்தான் காரணம். (முருகன் சாட்சி. விளையாட்டுக்காரர்களுக்கு அதில் பங்கில்லை.)

எங்கள் வீடு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் மூன்றாம் மாடியில். நான் கீழே தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். அந்த வருடம் மாசி மாதம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். யார் யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க, நாட்டில் சில வீடுகளை மட்டும் தெரிந்தெடுத்து ஒரு பெட்டி வைப்பார்களாம். ஒவ்வொரு வீடும் பல ஆயிரம் வீடுகளுக்குச் சமமாம். "உங்களைப் போன்ற குடும்பங்கள் எங்களுக்கு மிகவும் முக்கியம், மிஸ்யூ" என்றாள். பிரான்சுக்கு வந்து இருபத்தெட்டு வருடத்தில் என்னை யாரும் முக்கியம் என்று சொன்னதில்லை. உடனே கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் யாராவது தொலைக்காட்சி சம்பந்தமான வேலை செய்கிறார்களா? இல்லை என்று எழுதினேன். அது சத்தியம். எங்கள் ஒரே மகள் தாரணி அப்போது லியோனில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து, "அப்பா, எனக்கு ஒரு ஸ்தாஜ் கிடைச்சிருக்கு, ஒரு ஒஃபிஸிலை புள்ளிவிபர வேலை" என்று ஃபோனில் சொன்னாள். படிப்பு முடியும் காலத்தில் பயிற்சிக்காகச் செய்யும் வேலைதான் இங்கே ஸ்தாஜ். நல்ல தகப்பன் என்றால் என்ன புள்ளிவிபரம் என்று கேட்டிருப்பான். நான் கேட்டது, "அங்கை மத்தியானச் சாப்பாடு என்ன மாதிரி?"

பெட்டியோடு ஒரு தனி ரிமோட்டும் வந்தது. ஒன்றை அழுத்தினால் நான். இரண்டை அழுத்தினால் மனைவி புஷ்பம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறொரு பொத்தான். அதை அழுத்தி, ஆணா பெண்ணா, வயது என்ன என்று பதிய வேண்டும். "தொலைக்காட்சி ஓடும்போது அறைக்குள் இருக்கிற ஒருவரையும் விடக்கூடாது" என்று பெட்டி பொருத்த வந்தவன் சொல்லிவிட்டுப் போனான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்வதைத் தவிர எனக்கு வேறு கெட்டித்தனம் தெரியாது.

வீடு மாறி மாறி நடக்கும் சனிக்கிழமைக் கூட்டுப்பிரார்த்தனைக்கு அந்த வசந்தத்தில் எங்கள் வீட்டு முறை. சித்திராப் பௌர்ணமி சனிக்கிழமையிலேயே வந்ததால் தொடக்கமே பெருங்கூட்டம். சித்திரபுத்திரனார் கதை படிப்பு, பிறகு கஞ்சி. எமதர்மராசாவின் பக்கத்தில் இருந்து நாங்கள் செய்யும் நல்லது கெட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறவர் அவர். அவருடைய கதையை வீட்டில் படித்துக்கொண்டே அந்தப் பெட்டிக்குப் பொய்க்கணக்குக் கொடுக்க எனக்கு மனம் வருமா?

தொலைக்காட்சியை நிறுத்திவிட்டால் பிரச்சினையே இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தினால் வந்த பிள்ளைகள் ஓடத் தொடங்கும். பிள்ளைகள் ஓடினால் கீழ்வீட்டு மதாம் தும்புத்தடியால் தன் கூரையில், அதாவது எங்கள் நிலத்தில், இடிப்பாள். ஆகவே சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் விடுவோம் என்று முடிவெடுத்தேன். ஆனால் எந்தப் படத்தை விடுவது? ஒரு சனலில் முத்தம். அடுத்ததில் கடற்கரை. அதற்கடுத்ததில் குளிக்கும் சவர்க்கார விளம்பரம். (அதைப் பற்றி விபரம் வேண்டாம்.) சுவாமி படமும் அதே சுவரில்தான் இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன். திறந்தபோது ஹொக்கி.

எனக்குப் புல்லரித்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை உடுத்த மனிதர்கள்! கைக்கு உறை, காலுக்கு உறை, தலைக்குக் கவசம். சிலருக்கு முகம்கூடத் தெரியவில்லை. அமெரிக்கப் பக்கத்தில் நடந்த ஆட்டத்தைப் பகலில் மறுபடி போடுகிறார்களாம். இதைவிட மரியாதையான நிகழ்ச்சி பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இல்லை என்று புஷ்பத்திடம் சொன்னேன். "அடிபடுகினமப்பா" என்றாள் அவள். "உடுத்துக்கொண்டெல்லோ அடிபடுகினம்" என்றேன்.

பிறகு ரிமோட்டை எடுத்துக்கொண்டு, விபூதி கொடுக்கும் ஒழுங்கில், வயதில் மூத்தவர்களிடம் முதலில் போனேன்.

"பரிமளமக்கா, உங்களுக்கு என்ன வயசு?"

"சுவாமி கும்பிட வந்த இடத்திலை வயசு கேக்கிறீர், தம்பி?"

"மெசின் கேக்குதக்கா."

அவ திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐம்பத்திரண்டு எண்டு போடும்" என்றா. அவவின் மூத்த மகனுக்கே நாற்பத்தைந்து. ஆனாலும் பொய்க்கு அவதான் பொறுப்பு, நான் அழுத்தினேன். அதைக் கேட்ட மற்றப் பெண்களும் வரிசையாக ஐம்பத்தொன்று, ஐம்பத்துமூன்று என்று சொல்லத் தொடங்கினார்கள். பதினைந்து பேரோடு பெட்டி நிரம்பிவிட்டது. மிஞ்சிய ஒரே ஆள் புஷ்பத்தின் தம்பி சிவம். அவன் பக்கத்துத் தெரு உணவகத்தில் கொத்து ரொட்டி போடுகிறவன். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியால ஓய்வில் வந்து, கதவோரமாக இருந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு ஆட்களுக்குப் பந்தியில் கடைசியில் பரிமாறுவது போல, அவனைக் கடைசியாக விட்டிருந்தேன்.

கஞ்சி நேரம் அவன் முகம் கறுத்திருந்தது.

"எல்லாருக்கும் பொத்தானை அமத்தினியள், அத்தான். எனக்கு?"

"மெசின் நிரம்பிப்போச்சு, மச்சான். நீ வீட்டு ஆள்தானே."

"எங்கடை சித்தப்பா வெளி ஆளோ? அவர் குறட்டை விட்டவர். அவரை அமத்தினியள். நான் கண்வெட்டாமல் பாத்தனான். நாலுக்கு மூண்டு, அத்தான்! கடைசி நிமிசத்திலை!"

"என்ன நாலுக்கு மூண்டு?"

"நீங்கள் எதையெண்டுதான் பாத்தியளோ" என்று சொல்லிவிட்டு, கஞ்சி குடிக்காமல் எழும்பிப் போய்விட்டான். கலியாண அழைப்பிதழ் கொடுக்காவிட்டால்கூட அவன் அப்படிக் கோபித்திருக்க மாட்டான்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளும் அதே பிரார்த்தனை, அதே பெண்கள், அதே ஹொக்கி. சிவம் கோபத்தோடு வந்து கோபத்தோடு பார்த்துவிட்டுப் போவான். ஒவ்வொரு முறையும் இன்றைக்கு அவனை முதலில் பதிவோம் என்று நினைப்பேன். பரிமளமக்காவுக்கு முன்னால் அவனை எப்படிப் பதிவது?

ஆனி மாதம் தாரணி வீட்டுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் தன் அறிக்கையை எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். அது அவளுடைய மேலதிகாரியான ஷெஃபுக்குப் பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் ஸ்தாஜ் முடிந்தது, வீட்டுக்கு வரவேண்டியதுதான். பிள்ளை இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்ன பிள்ளை அறிக்கை?" என்று, மூன்று மாதத்தில் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஹொக்கி அப்பா. கடைசிச் சுற்றுகளை ரீவியிலை பாக்கிற ஆக்கள் ஏன் கூடுகினம், ஏன் குறையினம் எண்டு."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் காரணங்களைச் சொல்லிக்கொண்டே போனாள். பேர்போன அணி தோற்று வெளியேறினால் ஆட்கள் குறைவார்கள். இரண்டு அணியும் மாறி மாறி வென்று கடைசி ஆட்டம்வரை இழுபட்டால் கூடுவார்கள். வெயில் எறித்தால் பிரெஞ்சுக்காரர் வெளியே போய்விடுவார்கள், குறையும். "எல்லாம் விளங்குது அப்பா. ஒண்டுதான் விளங்கேல்லை. சனிக்கிழமை மத்தியானம், மறுஒளிபரப்பிலை, ஐம்பது தாண்டின பொம்பிளையள் திடீரெண்டு பாக்கத் தொடங்கியிருக்கினம். அதுக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறன்."

"என்னெண்டு?"

அவள் பிரெஞ்சில் வாசித்தாள். நடுவயதுப் பெண்கள் ஹொக்கியில் தங்கள் அடக்கப்பட்ட கோபத்துக்கு ஒரு வடிகாலைக் காண்கிறார்கள் என்று அதில் இருந்தது. எனக்குப் பரிமளமக்கா கண்ணை மூடித் தேவாரம் பாடுகிற காட்சி வந்தது.

அப்போதுதான் அவள் தொலைக்காட்சியின் பக்கம் பார்த்தாள். பெட்டியைக் கண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா... நோ." நான் எல்லாவற்றையும் சொன்னேன். வயது கேட்டதிலிருந்து சவர்க்கார விளம்பரம் வரை. பிள்ளை அறிக்கையை மூடி மடியில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில், "சொன்னால் அந்த அத்தியாயம் போச்சு. எங்கடை ஒஃபிஸ் பெட்டி எங்கடை வீட்டிலையே இருக்கிறபடியா ஸ்தாஜும் போகலாம். சொல்லாட்டில் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. அது எங்களைக் கைவிடாது" என்றேன். சொல்லிவிட்டு இரவு முழுக்க முழித்திருந்தேன். உண்மை சொல்லச் சொல்வது எனக்குச் சுகம். வேலை போகப்போவது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. நான் கடையில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனில் தாரணி, படத்தோடு. "அப்பா, சொல்லிப்போட்டன். ஷெஃப் நம்புறாரில்லை. உங்களோடை கதைக்கவேணுமாம்." படம் திரும்பியது. நீளமான மேசை, பத்துப் பன்னிரண்டு பேர். நான் முருங்கைக்கட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். கடை முதலாளியும் இரண்டு வாடிக்கையாளர்களும் எனக்குப் பின்னால் வந்து எட்டிப்பார்த்தார்கள்.

"மிஸ்யூ, ஏன் ஹொக்கி?" என்று ஷெஃப் கேட்டார்.

தமிழில் பக்கம் பக்கமாக வைத்திருந்த விளக்கம் பிரெஞ்சில் இவ்வளவுதான் வந்தது: "ஹொக்கி நல்ல உடுப்பு, மிஸ்யூ. மற்றவை உடுப்பில்லை. கடவுள் பார்க்கிறார்."

மேசையில் இருந்த ஒரு பெண், "உங்கள் வீட்டில் யாராவது உண்மையிலேயே அந்த ஆட்டத்தைப் பார்த்தார்களா?" என்று கேட்டாள்.

"ஒரேயொருவர், மதாம். என் மனைவியின் தம்பி."

"அவர் எங்கள் கணக்கில் இருக்கிறாரா?"

"இல்லை, மதாம். அவரை மட்டும் நான் அழுத்தவில்லை."

அந்த மேசையில் எழுந்த சிரிப்பில் என் ஃபோன் அதிர்ந்தது. பின்னால் நின்ற முதலாளியும் சிரித்தார். தாரணி மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அதோடு தொடர்பு அறுந்தது. பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் எனக்காக அழுது கும்பிட்டது குறைவு. அன்றைக்கு அழுதேன்.

பின்னேரம் அவளே ஃபோன் எடுத்தாள். "அப்பா, ஆறு மாத வேலைக்குக் கொந்த்ரா எழுதித் தந்திருக்கினம். ஷெஃப் பத்து வருசமா இதுக்கெல்லாம் காரணம் கேக்கிறாராம், தான் நம்பின முதல் காரணம் இதுதானாம்." மறுநாளே பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் முன்னமே வெளியே போன எண்களைத் திருப்பி எடுக்க முடியாதாம். அந்த வருடம் நடுவயதுப் பெண்கள் ஹொக்கி பார்த்தார்கள் என்றுதான் இன்றும் இருக்கிறது.

கொந்த்ரா பிறகு நிரந்தரமாகியது. அடுத்த வசந்தத்தில் ஷெஃப், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளுக்குக் கொடுத்த வேலை இது: ஐம்பது தாண்டிய பெண்கள் இந்த வருடம் ஹொக்கியை ஏன் கைவிட்டார்கள்?

தாரணி ஃபோன் எடுத்தாள். "அப்பா, நான் முறையா விசாரிச்சு எழுதவேணும். அம்மாவிட்டைக் கேளுங்கோ, ஏன் பாக்கிறதை விட்டவ எண்டு."

நான் கேட்டேன். புஷ்பம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் எப்பவப்பா பாத்தனான்? கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருந்தனான்!"

மகள் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாளாம். இப்போது எங்கள் குடும்பத்தில் ஏதாவது விசேஷத்துக்கு வந்து, ஒன்றையும் கவனியாமல் சும்மா இருந்துவிட்டு எழும்பிப் போகிறவர்களைக் கண்டால், "இவர் ஹொக்கிக்கு வந்தவர்" என்று சொல்கிறோம். சிவம் மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை.