ஆறெட்டு நாற்பத்தெட்டு

"நூறுன்னு சொல்லி ஆறு குடுக்கறீங்களே, இது என்னம்மா நியாயம்?" என்று பிலிப் போனில் கத்தினார்.

இன்டர்நெட் கம்பெனியின் திருப்பதி ஆபீஸ் பெண், பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடும்படி தெலுங்கில் நிதானமாகச் சொன்னாள்.

"அணைக்க மாட்டேன்! மோடம் வெச்சு பிரௌசிங் சென்டர் நடத்தினவன் நானு. எனக்கே பாடமா?"

மகள் சுஜிதாவுக்குப் பெங்களூரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சித்தூர் மிட்டூர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் வீட்டு இணைய வேகம் நாற்பதுக்குக் குறையாது என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் பெங்களூரு ஹாஸ்டலில் தங்கி ஆபீஸுக்குப் போக வேண்டியதுதான். பிலிப்புக்கு ஒரே பெண். அவள் பெங்களூரு ரோட்டில் பலமனேர் தாண்டினாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும்.

ஆகவே திங்கட்கிழமை ஃபைபர் பெட்டி சுவரில் ஏறியது. அதில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"லைட்டு துடிக்குது பாரு, டேட்டா ஓடிக்கினு கீதுன்னு அர்த்தம். மோடத்துல பாத்துப் பழகின கண்ணு" என்றார் பிலிப்.

வேகம் காட்டும் சைட்டுகள் எல்லாம் ஏமாற்று வேலை என்பது அவர் கொள்கை. மாடிப்படிக்குக் கீழே இருந்த மேசையில் சுஜிதாவின் லேப்டாப்பைத் திறந்து, பெரிய ஃபைல் ஒன்றை இறக்கிப் பார்த்திருந்தார். நொடிக்கு ஆறு எம்.பி.

"பரவால்ல நைனா, நான் ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன்" என்றாள், சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சுஜிதா.

"பாத்தியா யூனிஸ், கொழந்த நமக்காக எப்படி விட்டுக் குடுக்குதுன்னு?" பிலிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறானாலும் நூறானாலும் எம் பொண்ணு இந்த ஊட்ட உட்டுப் போகமாட்டா!"

லேப்டாப்பைத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுபோய், பெட்டிக்கு நேர் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தால் வேகம் கூடும் இல்லையா?

நாலு.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி யூனிஸ் தலையைத் தூக்கினாள். "ஏங்க, ரிசல்ட் பாக்க உங்க கடைக்கு வந்தேனே, ஞாபகம் கீதா? போர்டுல அம்பத்தாறுன்னு போட்டுட்டு அஞ்சுதானே வருதுன்னு கேட்டேன்."

"அதுக்கு இன்னா இப்போ?"

"'லைன்ல வர்றது பிட்டு, ஃபைல்ல சேர்றது பைட்டு, எட்டு பிட்டு சேந்தாதான் ஒரு பைட்டு. அம்பத்தாற எட்டால வகுத்தா ஏழு, அதுல ரெண்டு வழியில சிந்திப்போச்சு. இதுகூடத் தெரியாம ஏன் வர்றீங்க?'ன்னு கத்துனீங்க. அந்தச் சண்டையிலதான் நம்ம கல்யாணமே முடிஞ்சுது."

பிலிப் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் வகுத்துக் காட்டியவர், தன் வீட்டுக்குப் பெருக்க மறந்திருந்தார். ஆறெட்டு நாற்பத்தெட்டு. காலையிலேயே பாஸ்! இப்போது நாலெட்டு முப்பத்திரண்டு. ஃபெயில்.

"ஏம்மா சுஜி, கம்ப்யூட்டர் படிச்சவதானே நீ? இந்த எட்டு உனக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன் நைனா."

"லேப்டாப்ப பழைய எடத்துலயே வெச்சிடுங்க" என்றாள் யூனிஸ்.

"பின்வாங்கறது நம்ம ரத்தத்துலயே இல்ல. மாடியில வாடகைக்குக் கீற துர்காதேவி, நெட்டுல சீரியல் பாத்துக்கினு கீது. நம்ம வேகத்த உறிஞ்சறது அதுதான்."

மாடியில் குடியிருந்த துர்காதேவியின் கதவை அவர் தட்டிய வேகம் நிச்சயம் நாற்பதுக்குக் குறையாது.

"உன் வைஃபைய அணைம்மா. அஞ்சு மணி வரைக்கும்."

"என் வைஃபைக்கும் உங்களுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"ரெண்டும் ஒரே கம்பத்துலேர்ந்துதானே வருது? நீ துன்றது எனக்குக் கொறையுதும்மா."

வீட்டுக்காரரிடம் வழக்காட முடியுமா? முனகிக்கொண்டே அணைத்தாள்.

பிலிப் வெற்றி வீரராகக் கீழே இறங்கி வந்து பார்த்தார். பூஜ்யம்.

பூஜ்யத்தை எட்டால் பெருக்கிப் பார்த்தார். பெரிய முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கணக்கு கைவிடும்போது நாமெல்லாம் செய்வதைத்தான் அவரும் செய்தார். குரலை உயர்த்தினார்.

"பழி வாங்கறான்! நான் கத்தினேன் இல்ல, கட் பண்ணிட்டான்!" மறுபடியும் திருப்பதிக்குப் போன். "அஞ்சு மணிக்குள்ள ஆள் வரலன்னா, பாயும் தலகாணியும் எடுத்துக்கினு வந்து உங்க ஆபீஸ் வாசல்லயே படுத்துக்குவேன்!"

நாலரைக்கு லைன்மேன் சாய்குமார் பைக்கில் வந்து இறங்கினான். பெட்டியைப் பார்த்தான். லேப்டாப்பைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அங்கிள், செகப்பு லைட்டு வந்தா லைன் லேதுன்னு அர்த்தம். உங்க ஊட்டுக்கு நான் இன்னும் லைனே குடுக்கல. இந்த லேப்டாப்புல மாடி ஊட்டு வைஃபை சேவ் ஆகி கீது. இவ்ளோ நேரம் நீங்க அளந்தது அதத்தான்."

பிலிப் பெட்டியை ஒருமுறை முறைத்தார். பிறகு சாய்குமாரை.

"திங்கக்கெழம பொட்டி மாட்டினவன் லைன் ஏன்டா குடுக்கல? எம் பொண்ண எங்கிட்டேர்ந்து பிரிக்கப் பாக்கறது யாரு? பேரச் சொல்லு, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவேன்!"

உள்ளறையில் சூட்கேஸ் ஜிப் இழுபடும் சத்தம் சட்டென்று நின்றது. சாய்குமார் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சுஜிதாக்காதான் அங்கிள், இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேல குடுத்தா போதும்னாங்க... அஞ்சரைக்குத்தான் பெங்களூரு பஸ்ஸாம்."