நீலம் வந்தால் நிம்மதி

மதுரையில் மூன்று வாரமாக ஒரே பேச்சு. ஆரப்பாளையத்திலிருந்து அவனியாபுரம் வரை, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஒனக்கு நீலமா, செவப்பா?" என்று கேட்டார்கள்.

கேட்க வைத்தவர் 'வெப்பஞானி' டாக்டர் அழகுராஜா. எந்தக் கல்லூரி டாக்டர் என்று யாரும் விசாரிக்கவில்லை. கோட்டு வெள்ளையாக இருந்தது, அது போதும். கொரோனா காலத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்கள் நெற்றியில் சூடு பார்க்கும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தவர் அவர். கொரோனா போய்விட்டது, பழக்கம் போகவில்லை. துப்பாக்கியை வைத்துவிட்டு, சூட்டைச் சிவப்பாகவும் குளிர்ச்சியை நீலமாகவும் காட்டும் வெப்பக் காமிரா ஒன்றை வாங்கினார். நெற்றியிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினார்.

பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் முகாம். வாசலில் பேனர்: 'தொடமாட்டோம். வலிக்காது. மார்புப் புற்றுநோயைப் பத்து வருடம் முன்பே காட்டும் அதிசயக் கண். நீலம் வந்தால் நிம்மதி!'

கூட்டத்தை இழுத்தது அந்த முதல் வார்த்தைதான். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் இங்கே விடிகாலையிலேயே டோக்கன் வாங்கினார்கள். நீலம் வர ஆளுக்கொரு உபாயம். மூன்று நாள் வெறும் தயிர்சாதம். உடம்பெல்லாம் சந்தனம். ஜிகர்தண்டா வண்டிக்காரர் மண்டப வாசலுக்கே ஜாகையை மாற்றிக்கொண்டார்; இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு உள்ளே போனால் நீலம் நிச்சயம் என்று அவரும் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அவரை மட்டும் எதற்குக் குறை சொல்ல வேண்டும்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே இட்லி விற்கும் முத்துத்தாயும் டோக்கன் வாங்கினாள். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலிக்காது, நகராது. இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகப் புதன்கிழமை என்று நாள் குறித்து வைத்திருந்தாள். அதற்கு முந்தின திங்கட்கிழமை முகாமுக்குப் போனாள்.

இரண்டு மணி நேரம் ஏசிக்குக் கீழே காத்திருந்த பிறகு அவள் முறை வந்தது. திரைக்குப் பின்னால் ஒரு பெண் படம் பிடித்தாள். வெளியே டாக்டர் படத்தைப் பார்த்து, தெளிந்த கண்மாய்த் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். முழு நீலம்.

"கட்டி ஒண்ணு இருக்கே, சார்."

"கொழுப்பும்மா. காமிராவுக்குத் தெரியலைன்னா அது இல்லைன்னு அர்த்தம். ஆஸ்பத்திரிப் பக்கம் போயிராதீங்க, இல்லாத நோயையும் வர வச்சிருவாய்ங்க."

அவளுக்கு அடுத்த டோக்கன், அதே பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கும் பாண்டிச்செல்வி. கடலை வறுக்கும் அடுப்பை அணைத்த கையோடு, வெயிலில் ஓடிவந்து உள்ளே நுழைந்தவள். படம் செக்கச்செவேல் என்று வந்தது. மூன்று மாதத்துக்குக் குளிர்ச்சித் தைலம் என்று டாக்டர் சொன்னதும், வாங்கிய பாட்டிலைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சின்னது.

புதன்கிழமை வந்தது. முத்துத்தாய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை; நீலம்தான் வந்துவிட்டதே. வழக்கம்போல இட்லி எடுக்க ஹாட்பாக்கைப் பக்கத்தில் இழுத்தாள். வெளிப்பக்கம் சில்லென்று இருந்தது. மூடியைத் திறந்தாள், ஆவி கையைச் சுட்டது. மூடினாள். மறுபடி வெளியே தொட்டாள். சில்லென்றுதான் இருந்தது.

அவள் கை தானாகச் சேலைக்குள் போனது. புளியங்கொட்டை அங்கேயே இருந்தது.

ஒரே மாதிரி இரண்டு ஹாட்பாக்கை எடுத்தாள். ஒன்றில் இருபது இட்லி, ஒன்று காலி. பாண்டிச்செல்வியையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். மண்டபத்தில் பாண்டிச்செல்வியை ஏசிக்கு நேர் கீழே உட்காரவைத்தாள்.

மேடையில் தினசரி வித்தை நடந்துகொண்டிருந்தது. டாக்டர் தன் உள்ளங்கையைக் காமிராவில் காட்ட, பெரிய டிவியில் அது செந்தணலாகத் தெரிந்தது. கைதட்டல். யாருக்காவது சந்தேகமா என்று கேட்டார். யாருக்கும் வராது என்பதால் தினமும் கேட்பார்.

முத்துத்தாய் மேடையேறி இரண்டு பாத்திரத்தையும் மேசைமேல் வைத்தாள்.

"இதுல எதுல சுடச்சுட இட்லி இருக்கு, சார்? காமிராட்ட கேட்டுச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே காமிராவைத் திருப்பினார். டிவியில் இரண்டும் நீலம். கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். கூடுதல் நீலம்.

"ரெண்டுமே காலிம்மா," என்றார்.

முத்துத்தாய் ஒரு மூடியைத் திறந்தாள். குபுகுபுவென்று ஆவி எழும்ப, டிவியில் பொங்கல் அடுப்பு மாதிரிச் சிவப்பு எரிந்தது.

"நீங்க காலின்னு சொன்னதுக்குள்ளதான் இருவது இட்லி இருக்கு, சார். எனக்குள்ள ஒரு கட்டி இருக்கு. அதையும் இல்லைன்னுதான் சொன்னீங்க."

பிளாஸ்டிக் வேறு, உடம்பு வேறு. உயிருள்ள தோல் பொய் சொல்லாது என்றார் டாக்டர். சரி, உயிருள்ளதையே பாருங்கள் என்று, திங்கட்கிழமை சிவப்பு வந்த பாண்டிச்செல்வியைத் திரைக்குப் பின்னால் அனுப்பினாள் முத்துத்தாய். போனவள் நீலப் படத்தோடு திரும்பினாள். டாக்டருக்கு உயிர் வந்தது. தைலத்தின் மகிமையைப் பாருங்கள் என்று மைக்கைப் பிடித்தார்.

பாண்டிச்செல்வி பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். சீல் உடைக்கவே இல்லை.

"அரை மணி நேரம் ஏசிக்கு அடியில இருந்தேன், சார். அடுத்த தடவ ஏசிக் காத்தையே பாட்டில்ல அடைச்சுக் குடுங்க."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கி, தங்கள் பைகளில் இருந்த பாட்டில்கள் நினைவுக்கு வந்து பெண்கள் எழுந்தபோது, நாற்காலியில் வெள்ளைக் கோட்டு மட்டும் இருந்தது. ஞானி பந்தி நடக்கும் கூடத்தின் பின்வாசல் வழியாகப் போயிருந்தார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி முத்துத்தாயிடம் பயபக்தியோடு நெருங்கினாள். "அக்கா, இந்த ஹாட்பாக்க வச்சு எனக்கும் பாத்துச் சொல்லுங்களேன்."

முத்துத்தாய் ஹாட்பாக்கை மூடினாள். "இது இட்லிக்குத்தான் தாயி. ஒடம்பப் பாக்க பெரியாஸ்பத்திரி இருக்கு. நான் போறேன், வர்றவக வாங்க."

"அங்க தொடுவாகளேக்கா."

"எங் கட்டியக் கண்டுபுடிச்சதே இந்தக் கைதான்."

ஆட்டோவில் ஒன்பது பேர் ஏறினார்கள். பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் தொட்டுப் பார்த்தார், மேமோகிராம் எடுத்தார், ஊசி போட்டுச் சதை எடுத்தார். வந்தது அந்த நோய்தான். சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், குணப்படுத்தலாம் என்றார். முத்துத்தாய்க்கு ஆபரேஷன் முடிந்தது; இப்போது மறுபடி இட்லி விற்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காமிரா பொய் சொல்லவில்லை. மண்டபத்தில் ஏசி நன்றாக வேலை செய்கிறது என்ற உண்மையைத்தான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ரவிக்கையைக் கழற்ற வேண்டியதில்லை. கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் உபயோகித்தால் போதும்.