ஜூலைப் பனியும் கழகத்தின் மரியாதையும்

மனித குலம் இதுவரை கண்ட கால்பந்துக் கழகங்களில் தலைசிறந்தது மொன்றியல் முத்தொளி விளையாட்டுக் கழகமே என்பதை, அதன் செயலாளர் அருமைநாதனாகிய நான் மிகுந்த தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மற்றக் கழகங்கள் கோல் அடிப்பதிலும் கிண்ணம் வெல்வதிலும் காலத்தை வீணாக்கின. நாங்கள் மரியாதையைக் காத்தோம். அதற்கென்றே ஒரு ‘மரியாதைப் பாதுகாப்பு உபகுழு’ வைத்திருந்தோம். தலைவர் பேரின்பநாதனும் நானும் அதன் ஆயுட்கால உறுப்பினர்கள். பந்துக்கு உபகுழு இல்லை.

எங்கள் நிர்வாகத் திறமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். ஒரு போட்டிக்குப் பதினெட்டுப் பேரின் பெயர் கொடுக்கலாம். பதினொரு பேர் விளையாட, மிச்சம் ஏழு பேர் ‘பதில் ஆட்டக்காரர்’களாக மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஏழு இடங்களையும் நிர்வாகக் குழுவே நிரப்பியது. பெயர் கொடுக்காவிட்டால் சீருடை கிடைக்காது. சீருடை இல்லாமல் ஆண்டு மலரின் அட்டைப்படத்தில் எப்படி நிற்பது? தலைவர் பேரின்பநாதனுக்குப் பன்னிரண்டாம் இலக்கம், வயது ஐம்பத்தெட்டு. எனக்குப் பதின்மூன்று. நன்கொடை தரும் போசகர் கணேசலிங்கம் பதினெட்டாம் இலக்கத்தை அணிந்துகொண்டு இருதய மாத்திரையும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அவ்வளவு அனுபவம் நிறைந்த வாங்கு கனடாவில் வேறு எந்த அணிக்கும் வாய்க்கவில்லை.

2007 ஜூலையில் அரையிறுதி. எங்கள் கோல் காப்பாளர் றெக்ஸுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் வேலை. எட்டு வருடமாக எங்களுக்கு விளையாடியவர். ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கையில் எதிரணிக்காரன் ஒருவன் அவருடைய முழங்காலில் வந்து மோதினான். றெக்ஸ் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. ஆளை மாற்றச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

வாங்கில் இருந்த ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு தலைவர் கோட்டருகே போனார்.

“எழும்பி நில்லும் தம்பி. பத்துப் பேரோட விளையாடினா சனம் என்ன சொல்லும்? கழகத்தின்ர மரியாதையல்லோ.”

“முழங்கால் ஏலாதண்ணை. வேற ஆளை விடுங்கோ.”

வேறு ஆள் என்றால் அடுத்த இலக்கம் நான்தான். உடனே குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினேன். நடுவர் ஊதி ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தேன்.

றெக்ஸ் ஒற்றைக் காலில் நின்று மூன்று கோல் வாங்கினார். தோற்றோம். யாரோ அம்புலன்சுக்கு அழைக்கப் போக, தலைவர் தடுத்தார். பிரதம விருந்தினரின் பேச்சு வீடியோவில் பதிவாகிக்கொண்டிருந்தது. அதற்குள் அம்புலன்சின் ஊளை விழலாமா? றெக்ஸைக் கூடாரத்துக்குப் பின்னால் படுக்க வைத்து, சோடாப் பெட்டியிலிருந்து ஐந்து ஐஸ்கட்டிகளை ஏகமனதாக வழங்கினோம்.

அன்று மாலையே உபகுழு கூடியது. எங்கள் மைதானத்தில் ஒருவர் முழங்காலை உடைத்தார் என்றால் நாளைக்கு எந்தத் தாய் மகனை அனுப்புவாள்? எனவே ‘றெக்ஸ் தனது வீட்டுப் படியில் விழுந்தார்’ என்று தீர்மானம் நிறைவேறியது. மொன்றியல் வீடுகளின் வெளியே இருக்கும் இரும்புப் படிகளில் விழாதவர் யார்? அது குடும்பத்துக்கோ கழகத்துக்கோ இழுக்கில்லை. எட்டு வருடம் எல்லாவற்றுக்கும் ஓம் என்று பழகிய றெக்ஸ் ஆஸ்பத்திரியிலும் வேலையிடத்திலும் அப்படியே சொன்னார்.

ஆனால் டோர்வல் மேலாளருக்குச் சந்தேகம். கண்ணால் கண்ட ஒருவரின் சாட்சிக் கடிதம் கொண்டுவந்தால், கால் ஆறும்வரை வேலையை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். றெக்ஸின் மனைவி அஞ்சலீனா என்னிடம் வந்தார். இப்படிப்பட்ட பணிகளுக்காகவே பிறந்தவன் நான். பெப்ரவரியில் எங்கள் பொருளாளர் உண்மையாகவே படியில் விழுந்தபோது யாரோ பிரெஞ்சில் எழுதித் தந்த கடிதம் கோப்பில் இருந்தது. பெயரையும் திகதியையும் மாத்திரம் மாற்றி, மூன்று முத்திரை குத்திக் கொடுத்தேன். வாசிக்கவில்லை. விளங்காத கடிதத்தை வாசிக்காமல் முத்திரை குத்துவது எங்கள் மரபு.

ஜூலை பதினைந்தாம் திகதி, படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி றெக்ஸ் விழுந்ததைக் கண்ணால் கண்டதாக அந்தக் கடிதம் உறுதியளித்தது.

மேலாளர் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தாராம். பிறகு, பொய்க் கடிதம் கொடுத்த குற்றத்துக்காக றெக்ஸை வேலையிலிருந்து நீக்கினார்.

அஞ்சலீனா மறுபடி வந்தார். சத்தம் போடவில்லை.

“உள்ளதைச் சொல்லியிருந்தா வேலை நிண்டிருக்கும் அண்ணை. இந்த மனுசன் எட்டு வருசம் உங்களுக்காக நிலத்தில விழுந்து எழும்பினவர். நீங்கள் ஒரு கடிதத்தை வாசிச்சுப் பாக்கேல்லை.”

அவருடைய கருத்து கூட்டக் குறிப்பில் பதியப்படும் என்று உறுதியளித்தேன். பதிந்தேன்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கதை ஜான்-டலோன் சந்தையின் தக்காளிப் பெட்டிகளுக்கிடையில் கிளம்பி, பக்கத்து நகரான லவால்வரை போய்விட்டது. ஆகஸ்ட் வெயிலில் கத்தரிக்காய் வாங்கப் போனால், “பனி கவனம் அண்ணை” என்றார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்று வேறொரு கழகத்துக்குப் போனார்கள். அங்கே அடிபட்டவருடன் நிர்வாகத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவாராம். ‘மலிவான விளம்பரம்’ என்று கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம்.

அடுத்த ஆகஸ்டில் ஆட்டக்காரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது வாங்கு. ஏழு பேர் இருந்தால் விளையாடலாம் என்று விதி இடம் கொடுத்ததால் தலைவர் பூரித்துப்போனார். இனி அணியில் முறைப்பாடு சொல்ல ஆளில்லை என்றார். உயரத்தைக் காரணம் காட்டி என்னைக் கோல் காப்பாளராக்கினார்கள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்துக்குப் பாய்ந்தேன். முழங்காலில் படக்கென்று ஒரு சத்தம். கையைத் தூக்கினேன். வாங்கில் ஒருவரும் இல்லை.

“எழும்பி நில்லும் அருமை,” என்றார் தலைவர், இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கியபடி. “ஆறு பேரெண்டா ஆட்டத்தை நிப்பாட்டிப் போடுவாங்கள். கழகத்தின்ர மரியாதையல்லோ.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அது முழங்காலாக வந்தது. வலி ஒரு பக்கம். அந்தப் புல்லில் கிடந்தபோது எனக்கு வந்த வெட்கம் அதைவிடப் பெரிது.

எல்லைக் கயிற்றுக்கு வெளியே ஆட்டம் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர் நொண்டி நொண்டி உள்ளே வந்தார். றெக்ஸ். இப்போது மனைவி வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு வான் ஓட்டுகிறார். என்னைத் தூக்கி, அந்த வானில் கோவா, கரட் பெட்டிகளுக்கிடையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தாதி படிவத்துடன் வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில்.

“எப்பிடி நடந்ததெண்டு கேக்கிறா,” என்றார் றெக்ஸ். முகத்தில் சிரிப்பில்லை. “பனியெண்டு சொல்லட்டே அண்ணை?”

அவர் பாரத்தை ஒரு காலிலேயே வைத்து நின்றதைப் பார்த்தேன்.

“கழகம் எண்டு சொல்லும்,” என்றேன். “போன வருசத்து முழங்காலும் கழகம்தான், கடிதம் எழுதினவன் நான்தான் எண்டும் சொல்லும்.”

அவர் சொன்னார், தாதி எழுதினார். அந்தப் படிவத்தில் ஒரு முத்திரைகூட இல்லை. முத்தொளி விளையாட்டுக் கழகத்தைப் பற்றி உண்மையாக எழுதப்பட்ட ஒரே ஆவணம் அதுதான்.