கூரையை மடித்த குடும்பத் தலைவர்

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்ததுதான் முதல் விடுதலை. இரண்டாவது விடுதலை சென்ற மாதம் எங்கள் வீட்டு வாசலில், காலை ஒன்பதரை மணிக்கு, நான் ஒரு பொத்தானை அழுத்தியபோது நிகழ்ந்தது. புதுக் காரின் கூரை மெல்ல எழுந்து, மூன்றாக மடிந்து, டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இனி டிக்கியில் ஒரு பை வைக்கவும் இடமில்லை என்பதை மனைவி அந்த நிமிடமே கண்டுபிடித்தாள். குறை சொல்பவர்களுக்குக் கண் கூர்மை.

இது எனக்கு அனுபவத்தில் தெரியும். பதினேழு ஆண்டுகளாக நான் ஒரு பெரிய அலுவலகத்தில் 'குறை கேட்கும் பிரிவு'க்குத் தலைவன். கேட்பதற்கென்றே நானே வகுத்த முறை ஒன்று உண்டு. குறை சொல்பவர் எதிரே உட்கார்ந்ததும் ஒருமுறை தலையசைக்க வேண்டும்: கேட்டேன். இரண்டாம் முறை: புரிந்தது. மூன்றாம் முறை: எழுந்து போகலாம். பிறகு, "நல்லது, ஆகட்டும்." இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அதே குறையோடு திரும்பி வந்ததில்லை. எனவே எல்லாக் குறைகளும் தீர்ந்துவிட்டன என்று ஆண்டறிக்கையில் எழுதி வருகிறேன்.

இப்படிப்பட்ட திறந்த மனத்துக்குத் திறந்த கார்தானே பொருத்தம்? ஷோரூமில் தீர விசாரித்துத்தான் வாங்கினேன்.

"இது குடும்பக் கார்தானே தம்பி?"

"நாலு பேர் தாராளமா உக்காரலாம் சார்."

"கால்?"

"காலைத் தனியா கேக்கக்கூடாது சார்."

முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகப் பவனி போனோம். முன்சீட்டில் அப்பா. காற்றில் அவருடைய காது மெஷின் விசில் அடித்ததால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டார். பேட்டரி மிச்சம். பின்சீட்டில் மனைவியும் மகளும். மகள் என்னைவிட உயரம். முட்டியைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாள்.

"என் முட்டியை இவ்வளவு பக்கத்துல நான் பார்த்ததே இல்லப்பா," என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சிக்னலில் நின்றோம். பக்கத்தில் ஒரு பஸ். அதன் ஜன்னல்களில் இருந்த அத்தனை பேரும் எங்களை மேலிருந்து பார்த்தார்கள்.

"மண்டை வெந்துடும். தொப்பியாவது போடுங்களேன்," என்றாள் மனைவி.

நான் தலையசைத்தேன்.

"சார், வீட்டுக்காரம்மா சொல்றதைக் கேளுங்க சார்!" என்றார் பஸ்ஸிலிருந்து ஒருவர். குடும்ப விவகாரத்தில் இப்படியொரு 'பொதுமக்கள் பங்கேற்பு' மூடிய காரில் கிடைக்குமா?

சிக்னலில் பேசினால் ஊருக்கே கேட்கும், ஓடும்போது பேசினால் பின்னால் வரும் லாரிக்குத்தான் கேட்கும் என்று தெரிந்துகொண்டு வீட்டார் பேச்சைக் குறைத்தார்கள். காரில் இப்படியோர் அமைதியை நான் அனுபவித்ததே இல்லை. நான்கே சக்கரத்தில் எவ்வளவு நிம்மதி!

நடுவில் மழை வந்து ஒரு சின்னக் களங்கம். நான்கு நாட்கள் கூரையை மூடி ஓட்ட வேண்டியதாயிற்று. மூடினால் தலை இடிக்கும் என்று மகள் பஸ்ஸில் போனாள். தினமும் நூலகம் வரை என்னோடு வரும் அப்பா பின்சீட்டில் மடங்கிக்கொண்டார். முன்சீட்டில் மனைவி. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இறக்கிவிடும்வரை ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். நான் கூரை ஒழுகுகிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அதுவல்லவா தரம்!

மழை விட்ட சனிக்கிழமை, காரைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். கட்டில்மேல் இரண்டு பெட்டிகள் திறந்திருந்தன. மகளின் புத்தகங்கள் ஒன்றில். மனைவியின் துணிகள் மற்றதில்.

"இவ்வளவு பெரிய பெட்டி டிக்கில போகாதே," என்றேன்.

"வேன் சொல்லியாச்சு. கூரை வச்ச வேன்."

"எங்க கிளம்பிட்டீங்க?"

மனைவி துணியை மடித்தபடியே சொன்னாள். "திங்கட்கிழமை புதுக் கிளையில பொறுப்பு எடுத்துக்கணும். இங்கிருந்து அஞ்சு மணி நேரம். பாப்பாவுக்கும் அங்கயே ஸ்கூல் பார்த்தாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நாலு நாள் கேட்டேன். போகட்டுமா வேணாமான்னு கேட்டேன். நீங்க போகாதன்னா மாற்றல் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு இங்கயே இருந்துடறேன்னும் சொன்னேன். மூணு தடவை தலையை ஆட்டிட்டு, 'நல்லது, ஆகட்டும்'னீங்க. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"ஐயோ, திறந்த கார்மா அது! காத்து இரைச்சல்ல எதுவும் கேக்கல!"

வாசற்படியில் நின்றிருந்த அப்பா செருமினார். காதில் மெஷின் இருந்தது.

"மழைடா அன்னைக்கு. கூரை மூடித்தான் இருந்துச்சு. மெஷின் இல்லாம பின்சீட்டுல சுருண்டு கிடந்த எனக்கே கேட்டுச்சு."

வாசலில் கார் பளபளவென்று நின்றது. அதைப் புகழ ஒரு வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை. பயமாக இருந்தது. பதினேழு ஆண்டுகளாக என் எதிரே உட்கார்ந்து எழுந்து போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாகத் தோன்றியது. கட்டில் ஓரத்தில், அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"போகாதம்மா. இந்த வீட்டுல நான் தனியா என்ன பண்ணுவேன்? காரைக்கூடக் கொடுத்துடறேன். இனிமே நீ சொல்றதைக் கேக்கறேன். நிஜமா கேக்கறேன்."

மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பொறுமையாக, கடைசி வார்த்தைவரை கேட்டாள். ஒருமுறை தலையசைத்தாள். இரண்டாம் முறை அசைத்தாள். மூன்றாம் முறையும் அசைத்தாள்.

"நல்லது, ஆகட்டும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.