பெரியக்காவின் இடத்துக்கு ஓர் ஆள்

"உங்க இடத்துக்கு ஒரு ஆளைப் பழக்கி விட்டுட்டுத் தாராளமா போங்க" என்று முதியோர் இல்லத்து மேனேஜர் சொன்னபோது, அது இரண்டு நாள் வேலை என்றுதான் பெரியக்கா நினைத்தாள். மூன்று வாரம் ஓடிவிட்டது. ராஜினாமாக் கடிதம் கைப்பையிலேயே கிடந்து மடிப்போரம் கிழிய ஆரம்பித்திருந்தது.

வயது அறுபத்தொன்று. ஆட்களைத் தூக்கித் தூக்கி முழங்கால் இரண்டும் கெஞ்சின. "நீ அவங்களைப் பாத்துக்கறது போதும். இனி உன்னைப் பாத்துக்க ஆள் தேடணும் போலிருக்கு" என்று மகள் தினமும் போனில் கரித்துக்கொட்டினாள்.

முதலில் வந்த பெண்ணிடம் பெரியக்கா எதையும் மறைக்கவில்லை. யார் கடிப்பார், யார் மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளிப்பார், யாரை எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போன அந்தப் பெண், பின்வாசல் வழியாகப் போயே போய்விட்டாள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா யாருதான் இருப்பாங்க?" என்றார் மேனேஜர்.

அதுவும் சரிதான் என்று, அடுத்து வந்த நடுவயதுக்காரரிடம் பெரியக்கா வாயே திறக்கவில்லை. அவர் சுறுசுறுப்பான மனிதர். எட்டுப் பேருடைய பல்செட்டையும் ஒரே வாளியில் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்துவிட்டார். எது யாருடையது என்று வாய் வாயாகப் போட்டுப் பார்த்து முடிக்க மத்தியானம் ஆயிற்று.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்னொரு ஆள் வரும். நான் மீட்டிங் போயிருப்பேன். இதையாவது விரட்டாம வைங்க" என்றார் மேனேஜர்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்னறை பெஞ்சில் ஓர் அம்மாள் பையோடு உட்கார்ந்திருந்தாள். பெரியக்காவைவிட ஏழெட்டு வயது மூப்பு. கேள்வி கேட்டால் இவளும் ஓடிவிடுவாள் என்ற பயத்தில் பெரியக்கா ஒன்றும் கேட்கவில்லை.

"வாங்கக்கா. முதல்ல கண்டக்டர் ஐயா. முப்பது வருஷம் பஸ்ல விசில் ஊதினவரு. குளிக்கக் கூப்பிட்டா அம்மிக்கல்லு மாதிரி அசைய மாட்டாரு."

அந்த அம்மாள் இரண்டு விரலை வாயில் வைத்து இரண்டு விசில் அடித்தாள். "அடுத்த ஸ்டாப் குளியலறை. உள்ளே போங்க, உள்ளே போங்க."

ஐயா தானாக எழுந்து நடந்தார்.

அதற்கப்புறம் வேலை விளையாட்டாகப் போயிற்று. ஆளுக்கொரு முனை பிடித்துப் பத்துப் படுக்கைக்கும் விரிப்பு மாற்றினார்கள். கஞ்சியைத் துப்புகிற பாட்டிக்கு ஒருத்தி கதை சொல்ல, இன்னொருத்தி ஊட்டினாள். சாயங்காலம் துணி மடிக்க உட்கார்ந்தபோதுதான், காலையிலிருந்து முழங்கால் நினைப்பே வரவில்லை என்பது பெரியக்காவுக்கு உறைத்தது.

கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"இத்தனை நாளா கால்வலின்னு நினைச்சேன்கா. தனியா இழுத்த வலி அது. நாளைக்கும் நீங்க வர்றதா இருந்தா நானும் இருக்கேன்."

அந்த அம்மாள் மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்தாள்.

"நான் எங்கே போகப் போறேன்? காலையில பையன் என்னை இங்கே சேத்துட்டுப் போனதுலேருந்து கேக்கணும்னே இருக்கேன், என் கட்டில் எது தங்கச்சி?"